கியூவில் நிற்கும் பற்றாக்குறை

பட்ஜெட் பற்றாக்குறை என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி தயாராகிவிடும். செலவை வெட்டு என்று ஒன்று, வரியைக் கூட்டு என்று மற்றொன்று. தொலைக்காட்சி விவாதமும் பத்திரிகைத் தலையங்கமும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் ஓடும். ட்ரஷரியில் பில் பார்த்தே தலை நரைத்தவர்களுக்கு இந்த விவாதத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று தெரியும். வெட்டவும் கூட்டவும் துணியாத அரசாங்கம் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறது. அதற்குச் சட்டசபையில் ஓட்டெடுப்பு இல்லை, பட்ஜெட் உரையில் இடமும் இல்லை. கொடுக்க வேண்டியதை இன்றைக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைப்பதுதான் அது. நம் அரசுக் கணக்கு பணம் கைமாறிய அன்றுதான் செலவை எழுதும். வேலை முடிந்து, அளந்து, கையெழுத்தாகி, பில்லும் வந்து சேர்ந்து, பணம் மட்டும் போகவில்லை என்றால் கணக்கைப் பொறுத்தவரை அந்தச் செலவு நடக்கவே இல்லை. அதனால் ஆட்களைக் காக்க வைத்தாலே பற்றாக்குறை குறைந்ததாகப் புத்தகத்தில் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் கண்டதை வைத்து நான் சொல்ல வருவது இதுதான்: வரியா வெட்டா என்று வெளிப்படையாக எடுக்காத முடிவைக் கடைசியில் கியூ எடுக்கிறது, அது எடுப்பதுபோல் அநியாயமான முடிவை எந்த நிதி மந்திரியும் எழுந்து நின்று வாசிக்கமாட்டார்.

இதை ஒரு எல்லை ஊரிலிருந்து பார்க்கலாம். கோபாலபுரம் என்றதும் சென்னைக்காரர்களுக்குத் தங்கள் ஊர்க் கோபாலபுரம்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில், கேரளத்துக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற கோபாலபுரம். செக்போஸ்ட் ஊர். பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி, தாலுகா ஆபீசுக்குச் சித்தூர். மாநில அரசின் நிதியைப் பற்றிப் படிக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. திருவனந்தபுரம் எந்த வரியைப் போட்டாலும் அது எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுபோகும் என்பது இங்கேதான் முதலில் தெரியும்.

முதலில் கியூவைச் சொல்லிவிடுகிறேன். பழைய நாளில் பில்லைக் கொடுத்தால் பித்தளை டோக்கன் கிடைக்கும். கவுன்ட்டரில் நம்பர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார வேண்டும். பணம் இல்லையென்றால் அதிகாரி முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும், திட்டும் வாங்கியாக வேண்டும். இப்போது சம்பளத்துக்கு ஸ்பார்க், மற்ற பில்லுக்கு பிம்ஸ், எல்லாம் கம்ப்யூட்டர். வேலை சுத்தமானது, சந்தேகமில்லை. போலி பில் நுழைவது கடினமானது. ஆனால் காக்க வைப்பதும் சுலபமாகிவிட்டது. ஒரு தொகைக்கு மேற்பட்ட பில் எதுவானாலும் நிதித்துறையின் ‘வேஸ் அண்ட் மீன்ஸ்’ (பண இருப்பு) அனுமதி வேண்டும் என்று ஒரு உத்தரவு போட்டால் போதும், மாநிலம் முழுக்க அத்தனை ட்ரஷரியிலும் பில்கள் அசையாமல் நிற்கும். அந்தத் தொகை 25 லட்சமாக இருந்த காலமும் உண்டு. 2023ல் அது 5 லட்சம்வரை இறங்கியது. ஐந்து லட்சம் என்பது ஒரு பஞ்சாயத்து வார்டில் ஓடை கட்டும் காசு. மார்ச் கடைசி வாரத்தில் வரும் பில்கள் கியூவில் ஏறி, ஏப்ரலில் புது வருஷத்து ஒதுக்கீட்டிலிருந்து தீரும். அதாவது பஞ்சாயத்து தன் புது வருஷத் திட்டத்தைத் தொடங்கும்போதே அதில் ஒரு பங்கு பழைய பாக்கிக்குப் போயிருக்கும். இதற்கு நேர் எதிரான வித்தையும் உண்டு. மார்ச் 31க்குள் பணத்தைச் செலவானதாக எழுதி, அதே ட்ரஷரியின் சேமிப்புக் கணக்கிலேயே போட்டு வைப்பது. புத்தகத்தில் திட்டச் செலவு நூற்றுக்கு நூறு. பணமோ வாசலைத் தாண்டியிருக்காது.

கேரளத்துக்கு இந்த வசதி கொஞ்சம் கூடுதல். பொதுமக்களிடமும் டெபாசிட் வாங்கும் ட்ரஷரி சேமிப்பு வங்கி இங்கே இருப்பதால், தட்டுப்பாடு நாளில் அரசு தன் மக்களின் சேமிப்பையே கைமாற்றாக உருட்டிக்கொள்ளும். அதுவும் போதாதபோது ரிசர்வ் வங்கியின் கைமாற்று, அதற்கும் மேலே போனால் ஓவர்டிராஃப்ட். ஓவர்டிராஃப்டில் தொடர்ந்து 14 வேலை நாளுக்கு மேல் நிற்க முடியாது என்பது விதி (கோவிட் சமயத்தில் மட்டும் 21 நாளாகத் தளர்த்தினார்கள்). செவ்வாய்க்கிழமை ரிசர்வ் வங்கி நடத்தும் கடன்பத்திர ஏலத்தில் பணம் வந்தால் வாரக் கடைசியில் கொஞ்சம் பில் நகரும். 2024 மார்ச் தொடக்கத்தில் கயிறு அறுந்தது. அரசு ஊழியர் சம்பளமே சில நாள் தாமதமாயிற்று; கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். அன்றைக்குத்தான் ஊரே அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியே ஒரு விஷயத்தைச் சொல்கிறது. அதற்கு முன் பல மாதமாகக் கியூவில் நின்றவர்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

ஏனென்றால் கியூவுக்கு ஒரு வரிசை முறை உண்டு, அது பில் வந்த தேதியை வைத்து அமைவதில்லை. கடனுக்கு வட்டி முதலில். அதைத் தவறவிட்டால் அடுத்த கடன் கிடைக்காது. பிறகு சம்பளம், ஓய்வூதியம். அங்கே சங்கம் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து கேரளத்தின் வருவாயில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மிச்சத்தில்தான் சமூகநல பென்ஷன், பஞ்சாயத்து நிதி, ஒப்பந்தக்காரர், நெல் கொடுத்த விவசாயி எல்லாரும் முட்டிமோத வேண்டும். 2023ல் மாதம் 1,600 ரூபாய் சமூகநல பென்ஷன் வாங்கியவர்கள் சுமார் 60 லட்சம் பேர். அந்த வருஷக் கடைசியில் அந்தப் பென்ஷன் பல மாதம் பாக்கி விழுந்தது. நவம்பரில் இடுக்கி மாவட்டம் அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் சட்டி ஏந்தித் தெருவில் பிச்சைக்கு இறங்கிய பிறகுதான் அது செய்தியாயிற்று, பிறகு ஐகோர்ட் வரை போயிற்று. பென்ஷனைக் குறைக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே மாநிலம் ஸ்தம்பித்திருக்கும். மருந்துக்கு அந்த 1,600 ரூபாயை நம்பியிருந்தவருக்கு ஐந்து மாதம் கழித்து மொத்தமாக வரும் 8,000 ரூபாய் அதே பணம் அல்ல என்பதைப் பட்ஜெட் புத்தகத்தில் எழுத ஒரு தலைப்பும் கிடையாது.

நெல் கதை இன்னும் நுணுக்கமானது. சித்தூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இது மனப்பாடம். மாநில அரசின் கொள்முதல் நிறுவனமான சப்ளைகோ நெல்லை எடுத்துக்கொண்டு பி.ஆர்.எஸ். என்ற ரசீதைக் கொடுக்கும். அந்த ரசீதை வங்கியில் காட்டினால் பணம் வரும், ஆனால் விவசாயியின் பேரில் கடனாக வரும். அரசு பிறகு அதைத் தீர்க்கும். தீர்க்கத் தாமதமானால் சொந்த நெல்லை விற்றவர் வங்கிப் பதிவேட்டில் கடன்காரராக நிற்பார். அரசின் பற்றாக்குறை குடியானவரின் பேருக்கு மாறிவிடுகிறது. விலையைப் பாருங்கள். 2022-23ல் கிலோவுக்கு 28 ரூபாய் 20 காசு; அதில் மத்திய அரசின் ஆதரவு விலை 20.40, மாநில ஊக்கத்தொகை 7.80. அடுத்த ஆண்டு மத்திய விலை 21.83 ஆனது, மாநிலப் பங்கு 6.37 ஆக இறங்கியது. அதற்கடுத்த ஆண்டு 23 ரூபாய், 5.20. மூன்று வருஷமும் விவசாயி கையில் அதே 28.20. டெல்லி கூட்டியதை எல்லாம் திருவனந்தபுரம் தன் செலவுக் குறைப்பாக எடுத்துக்கொண்டது. செலவை வெட்ட அரசுகளுக்குத் தெரியாது என்பவர்கள் இந்த மூன்று வரியைப் படிக்கலாம். வெட்டு நடக்கிறது, வெட்டு என்ற பேர் மட்டும் இல்லாமல்.

சரி, அப்படியானால் வரியைக் கூட்டலாமே என்றால், எல்லையில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு மாநிலம் போடும் வரிக்கு அதன் எல்லைவரைதான் ஆயுள். வாட் காலத்தில் கேரளம் கோழிக்கு 14.5 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தது. கோழி வருவது பல்லடம், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து. வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று மெயின் ரோட்டில் செக்போஸ்ட் இருந்தால் என்ன, தென்னந்தோப்பு வழியும் வாய்க்கால் மேட்டு வழியும் ஏராளம். ராத்திரியில் கோழி லோடு அந்த வழியில் போகும், பின்னாலேயே ஜீப் போகும். கோழிக் கடத்தல் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தமாஷ்; இங்கே அன்றைக்கு அது ஒரு தொழில். வரி கட்டிக் கொண்டுவந்த யோக்கியமான வியாபாரி விலையில் தோற்பார். 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்து கோழிக்கு வரியே இல்லாமல் போனபோது, கிலோ 87 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று நிதி மந்திரி தாமஸ் ஐசக் வியாபாரிகளோடு மல்லுக்கட்டினார். வியாபாரிகள் லேசில் அசைந்து கொடுக்கவில்லை. போட்ட வரி முழுக்கக் கஜானாவுக்கு வரவில்லை, எடுத்துவிட்ட வரியின் பலன் முழுக்க வாங்குபவருக்குப் போய்ச் சேரவுமில்லை. வரியைக் குறைத்தால் விலை குறையும், கூட்டினால் வருமானம் கூடும் என்று நேர்கோட்டில் பேசுகிறவர்களுக்கு ஒரு கோழி லாரி போதுமான பாடம்.

ஜி.எஸ்.டி.க்குப் பிறகு மாநிலத்தின் கையில் மிஞ்சிய வரி கொஞ்சம்தான்: பெட்ரோல் டீசல், மது, வாகனம், பத்திரப் பதிவு, மின்சாரம். கையில் இருப்பதைத்தானே திருக முடியும்? 2023-24 பட்ஜெட்டில் கேரள நிதி மந்திரி பாலகோபால் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டார். பென்ஷன் கொடுக்கத்தான் என்று காரணமும் சொன்னார். அந்த நேர்மைக்கு மதிப்பெண் கொடுக்கலாம். தமிழ்நாடோ 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்திருந்தது. விளைவைப் பார்க்கப் புள்ளிவிவரம் வேண்டாம், எல்லைக்கு இரு புறமும் உள்ள பெட்ரோல் பங்குகளில் எதில் கேரள நம்பர் வண்டி நிற்கிறது என்று பார்த்தால் போதும். எல்லை தமிழ்நாட்டுக்கு மட்டும் லாபம் செய்வதில்லை. 2003ல் தமிழ்நாடு லாட்டரியைத் தடைசெய்தது. 1967லிருந்தே அரசே லாட்டரி நடத்தும் கேரளத்துக்கு அன்றிலிருந்து எல்லையோரக் கடைகளில் யோகம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து சீட்டு வாங்கிப் போகிறவர் யாரென்று பார்த்தால் பெரும்பாலும் கூலி வேலைக்காரர். ஒரு அரசின் பற்றாக்குறையை அடுத்த அரசின் ஏழை தன் ஆசையால் கொஞ்சம் நிரப்புகிறார். வசூல் என்று பார்த்தால் கெட்டிக்காரத்தனம். வரி நியாயம் என்று பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இங்கே வழக்கமாக வரும் மறுப்புகள் உண்டு. எல்லாம் டெல்லி செய்த கோளாறு என்பது முதல் மறுப்பு. இதில் பாதி உண்மை. பத்தாவது நிதிக் கமிஷன் காலத்தில் மத்திய வரிப் பங்கீட்டில் கேரளத்துக்கு 3.875 சதவீதம் கிடைத்தது; பதினைந்தாவது கமிஷனில் அது 1.925. வருவாய்ப் பற்றாக்குறை மானியமாக 2021-22ல் 19,891 கோடி வந்தது, 2022-23ல் 13,174 கோடி, 2023-24ல் 4,749 கோடி, அதன்பின் பூஜ்யம். ஜி.எஸ்.டி. இழப்பீடு 2022 ஜூனோடு நின்றது. இவ்வளவும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தால் எந்த நிதி மந்திரியும் தடுமாறுவார். ஆனால் வருமானம் எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் டெல்லி தீர்மானித்தது. குறைந்ததை யார் தலையில் இறக்குவது என்பது திருவனந்தபுரத்தின் கை. அந்தக் கணக்கில் அடிமாலி மூதாட்டி பெரிய ஒப்பந்தக்காரருக்கும் பின்னால் நின்றதற்கு நிதிக் கமிஷன் பொறுப்பல்ல.

சம்பளமும் ஓய்வூதியமும்தான் வியாதி, அதை வெட்டாமல் மற்றதைப் பேசி என்ன பயன் என்பது இரண்டாவது. வெட்டிப் பார்த்தார்கள். ஏ.கே. ஆண்டனி அரசு ஊழியர் சலுகைகளில் கைவைத்தபோது 2002ல் 32 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 2013 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று மாற்றினார்கள். அதன் லாபம் கைக்கு வர ஒரு தலைமுறை ஆகும். அதுவரை பழையவர்களுக்குப் பென்ஷனும் கொடுக்க வேண்டும், புதியவர்களுக்கு அரசின் பங்கும் கட்ட வேண்டும். இன்னொன்று, கேரளத்தில் மே 31 அன்று ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் ஓய்வு பெறுவார்கள். பிறப்புப் பதிவு பரவாத காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது மே மாதத் தேதியாகப் போட்டுவிட்டதன் பலன் அது. ஜூனில் பணிக்கொடைப் பில்கள் குவியும். ஓய்வு வயதை 56லிருந்து கூட்டலாம் என்று அவ்வப்போது கிளம்பும் யோசனைக்கு உள்ளே இருக்கும் சமாச்சாரம், அந்தப் பணிக்கொடையைச் சில வருஷம் தள்ளிப்போடுவது. சீர்திருத்தம் என்ற பேரில் அதுவும் கியூதான். சம்பளச் செலவைக் குறைக்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. அது மெதுவாக நடக்கிற வைத்தியம். இந்த மார்ச் மாதத்துப் பில்லுக்கு உதவாது.

வரியைக் குறைத்து வியாபாரத்தைப் பெருக்கினால் பற்றாக்குறை தானே தீரும் என்கிற மூன்றாவது கட்சிக்கு அடுத்த கரையில் பதில் இருக்கிறது. இலங்கையில் கோத்தபய ராஜபக்ச அரசு 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக இறக்கியது. கோவிட்டும் சுற்றுலா முடக்கமும் சேர்ந்துகொண்டன, மறுக்கவில்லை. ஆனால் அடி வருவதற்கு முன்பே கேடயத்தைக் கழற்றிவைத்தது அந்த வரிக் குறைப்பு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதம். இலங்கைக்குச் சொந்தமாக நோட்டடிக்கும் மத்திய வங்கியாவது இருந்தது. கேரளமோ தமிழ்நாடோ நோட்டடிக்க முடியாது, கடன் வாங்கவும் அரசியல் சட்டத்தின் 293வது பிரிவின்படி டெல்லியின் சம்மதம் வேண்டும். ஆகவே மந்த காலத்தில் கடன் வாங்கிச் செலவழித்தால் பொருளாதாரம் நிமிரும் என்ற வாதம் நாட்டுக்குப் பொருந்துகிற அளவு மாநிலத்துக்குப் பொருந்தாது.

பொருந்த வைக்கத்தான் கிஃப்பி என்ற கேரள உள்கட்டமைப்பு நிதி வாரியம் வந்தது. 1999லேயே இருந்த வாரியத்தை 2016ல் புதுப்பித்து, மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கையும் பெட்ரோல் செஸ்ஸையும் அதற்கு எழுதிவைத்து, அதன் பேரில் வெளியே கடன் வாங்கினார்கள். 2019ல் 9.723 சதவீத வட்டிக்கு 2,150 கோடி ரூபாய் மசாலா பாண்டு (வெளிநாட்டில் ரூபாயில் விற்கும் கடன்பத்திரம்). பாலமும் பள்ளிக் கட்டடமும் வந்தன, கண்ணால் பார்க்கலாம். பென்ஷனைச் சமயத்துக்குக் கொடுக்க 2018ல் தனிக் கம்பெனியும் தொடங்கினார்கள். அதுவும் கடன் வாங்கித்தான் கொடுத்தது. இரண்டு கடனையும் மாநிலக் கடனாகவே எண்ணுவோம் என்று 2022ல் மத்திய அரசு சொன்னதும் கடன் வரம்பு சுருங்கியது. கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1ல் வழக்கு ஐந்து நீதிபதி அமர்வுக்கு அனுப்பப்பட்டது, இடைக்கால நிவாரணம் கிடைக்கவில்லை. சட்ட நியாயம் யார் பக்கம் என்று கோர்ட் சொல்லட்டும். தொழில் தெரிந்தவன் பார்வையில் ஒன்று மட்டும்: புத்தகத்துக்கு வெளியே எழுதிய கடன் ஒரு நாள் உள்ளே வரும்போது, ஏற்கெனவே ஒழுங்காக நின்றவர்களைத் தள்ளிக்கொண்டுதான் வரும். பென்ஷன் கியூ நீண்டது அந்தச் சமயத்தில்தான்.

காத்திருப்பதற்குச் செலவு இல்லை, அரசுக்கு வட்டி மிச்சம் என்று ட்ரஷரிக்குள்ளேயே சொல்பவர்கள் உண்டு. அசல் கணக்கு வேறு. அரசு வேலை செய்கிற ஒப்பந்தக்காரருக்குப் பில் எத்தனை மாதம் கழித்து வரும் என்று தெரியும்; அந்த வட்டியை அடுத்த டெண்டரில் ஏற்றித்தான் எழுதுவார். அவசரமென்றால் பில்லை வங்கியில் டிஸ்கவுன்ட் செய்து எடுக்கலாம், அதிலும் வட்டியில் ஒரு பங்கு அவர் தலையில். தாங்கும் சக்தியுள்ள பெரிய ஆள் நிற்பார். உள்ளூர்ச் சின்ன ஆள் தொழிலை விட்டுப் போவார். பிறகு டெண்டருக்கு ஒரே ஒருவர்தான் வருகிறார் என்று புலம்புவோம். ஆறு சதவீதமோ எட்டு சதவீதமோ வட்டிக்குக் கடன் பத்திரம் விற்றிருந்தால் அந்தச் செலவு கணக்கில் தெரிந்திருக்கும். கியூவின் வட்டி ஓடையின் நீளத்திலும் தார் போட்ட கனத்திலும் கழிகிறது.

எனக்குத் தெரிந்த பரிகாரம் எளிமையானது, அதனாலேயே பிடிக்காதது. மாதம் ஒரு முறை ஒவ்வொரு மாநிலமும் கியூவை வெளியிட வேண்டும்: எந்த இனத்தில் எத்தனை கோடி பாக்கி, எத்தனை நாளாக. பிம்ஸ் இருக்கும்போது அது ஒரு நாள் வேலை. பற்றாக்குறை சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அந்தத் தொகை நின்றால், பென்ஷனுக்கு 2 ரூபாய் செஸ்ஸா, அல்லது எந்தச் செலவைக் கைவிடுவது என்ற விவாதம் சட்டசபையில் நடந்தே தீரும். மூடிவைத்தது திறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதி மந்திரி பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார். மின்வாரிய நஷ்டம் எவ்வளவு ஆழம் என்பது ஊருக்கே தெரிந்தது. 2022 செப்டம்பரில், எட்டு வருஷத்துக்குப் பிறகு, மின்கட்டணம் ஏறியது. ஜனங்கள் திட்டினார்கள். திட்டுவதற்கு ஒரு முடிவாவது கண்ணுக்குத் தெரிந்தது.

கியூவைக் காட்டினால் டெல்லி அதையும் கடனில் சேர்த்துக் கடன் வரம்பை இன்னும் குறைக்கும் என்பார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது, டெல்லியும் இதே வேலையைச் செய்திருக்கிறது என்பதை மறந்துவிட்டால். உணவு மானியத்தைப் பட்ஜெட்டில் கொடுக்காமல், இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்துப் பல வருஷம் ஓட்டினார்கள். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அந்தப் பழக்கத்தை நிறுத்தி, பாக்கியைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். கோவிட் செலவும் சேர்ந்து 2020-21க்கான திருத்திய பற்றாக்குறை 9.5 சதவீதம் என்று அச்சாயிற்று. கடன் சந்தை முகம் சுளித்தது, ஆனாலும் ஏலம் நின்றுபோகவில்லை. அந்தத் தைரியம் தனக்கு இருந்தபோது, உண்மையைச் சொல்லும் மாநிலத்துக்குப் பழைய பாக்கியைத் தீர்க்க இரண்டு மூன்று வருஷ அவகாசம் கொடுப்பது டெல்லிக்குப் பெரிய காரியமில்லை.